ஸ்பேர் மேகசின் எத்தனை வேண்டும்? டெக்சாஸ் வாசகருக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

டல்லாஸை ஒட்டிய புறநகர் ஒன்றிலிருந்து வந்த கடிதம். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

எழுதியவருக்கு 40 வயது. ஐ.டி. வேலை. 11 வயதிலும் 6 வயதிலும் பிள்ளைகள். பல வருடம் காத்திருந்து, போன வருடம்தான் குடும்பத்துக்கே கிரீன் கார்டு வந்திருக்கிறது. அடுத்த தெருவில் ஒரு வீட்டுக்குள் திருடன் புகுந்த பிறகு, முறைப்படி கடையில் பின்னணிச் சோதனை முடித்து ஏஆர்-15 ரைபிள் ஒன்று வாங்கியிருக்கிறார். கூடவே 30 தோட்டா கொள்ளும் மேகசின் இரண்டு. பக்கத்து வீட்டில் ஒரு முன்னாள் ராணுவக்காரர் இருக்கிறார், நல்ல மனிதர். அவர்தான் துப்பாக்கி சுட்டுப் பழகும் ரேஞ்சுக்கு அழைத்துப்போய்ப் பழக்கியவர். "இரண்டெல்லாம் பத்தாது, நாலு ஸ்பேர் நிரப்பி ரைபிளோடு எப்போதும் காரில் வைத்திரு" என்பது அவர் சொல்லும் யோசனை. மனைவிக்கோ ரைபிள் வீட்டுக்குள் வந்ததே பிடிக்கவில்லை. "நம்ம என்ன போருக்கா போறோம்?" என்று கேட்டிருக்கிறார்.

கடிதத்தின் கடைசிப் பத்தியை அவர் சொற்களிலேயே தருகிறேன்: "மேடம், சாதாரண குடும்பஸ்தனுக்கு ஸ்பேர் மேகசின் வைத்துக்கொள்ள உருப்படியான காரணம் ஏதாவது இருக்கிறதா? டெக்சாஸில் இதற்கு எண்ணிக்கை வரம்பு இல்லை என்று தெரியும். அதனால் சட்டச் சிக்கல் எதுவும் வராது என்று நினைக்கிறேன். தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு நியூ ஜெர்சி எடிசனில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் காரில் போகிறோம், வழிப் பாதுகாப்புக்கு ரைபிளையும் எடுத்துப்போகலாம் என்று இருக்கிறேன். எங்களோடு தங்கிப் படிக்கும் என் மச்சினனும் என்னோடு ரேஞ்சுக்கு வருவான், எஃப்-1 விசாவில் இருக்கிறான். ஜனவரியில் சென்னை போகும்போது வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?"

அன்புள்ள நண்பருக்கு,

மேகசின் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உட்கார வைத்தது அது இல்லை. கடைசிப் பத்தியில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய மூன்று விஷயங்கள்தான்: மச்சினன், எடிசன், சென்னை. அவற்றுக்கு அப்புறம் வருகிறேன்.

மேகசின் என்பது தோட்டாக்களை அடுக்கி ரைபிளின் அடியில் செருகும் பெட்டி. உள்ளே ஒரு ஸ்பிரிங். அவ்வளவுதான். ஆனால் ரைபிளில் அடிக்கடி மக்கர் பண்ணும் பாகம் அதுவே. மேல் விளிம்பில் தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் இரண்டு உதடுகள் இருக்கின்றன. மேகசின் ஒருமுறை சிமெண்ட் தரையில் தலைகுப்புற விழுந்து அந்த உதடு லேசாக விரிந்தாலும் போதும், தோட்டா மூக்கைத் தூக்கிக்கொண்டு வரும், இல்லையென்றால் இரண்டு ஒன்றாக ஏறிச் சிக்கிக்கொள்ளும். அப்போது மேகசினைக் கழற்றி, சிக்கியதை எடுத்துவிட்டு, வேறொன்றைச் செருகினால்தான் துப்பாக்கி வேலை செய்யும். ஸ்பேர் வைத்திருப்பதற்கு இதுதான் நேர்மையான முதல் காரணம். 'அதிகத் தோட்டா வேண்டும்' என்பது இதற்குப் பிறகுதான் வரும். ரேஞ்சுக்காரர்கள் ஒவ்வொரு மேகசினின் அடியிலும் பெயிண்ட் பேனாவால் 1, 2, 3 என்று எண் போட்டு வைப்பார்கள். எது தகராறு செய்கிறது என்று கண்டுபிடித்துத் தூக்கிப் போடுவதற்குத்தான். நீங்களும் போடுங்கள்.

இரண்டாவது காரணம் வசதி. ரேஞ்சுக்கு மணிக்கணக்கில் காசு கொடுத்துவிட்டு, பாதி நேரம் கட்டைவிரல் வலிக்க ஒவ்வொரு தோட்டாவாக அழுத்திக்கொண்டிருக்க யாருக்கும் பிடிக்காது. போட்டிச் சுடுதலுக்குப் போகிறவர்களுக்கு நாலைந்து மேகசின் இல்லாமல் ஒரு சுற்றுகூட முடியாது. மூன்றாவது, டெக்சாஸுக்கே உரிய காட்டுப்பன்றி. கூட்டமாக வந்து ஒரே இரவில் வயலை உழுதுபோட்டுவிட்டுப் போகும் அவற்றை, நில உரிமையாளரின் அனுமதியோடு தனியார் நிலத்தில் சுட, 2019 முதல் வேட்டை உரிமம்கூடத் தேவையில்லை. அப்படிப் போகிறவர் இடுப்பில் ஒரு ஸ்பேர் வைத்திருந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

இனி நீங்கள் உண்மையில் கேட்க வந்தது: வீட்டுப் பாதுகாப்பு.

2017 நவம்பர் 5 அன்று நம் டெக்சாஸிலேயே சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் நடந்த துப்பாக்கிச் சூடு உங்களுக்கு நினைவிருக்கும். கருவிலிருந்த சிசுவையும் சேர்த்து 26 உயிர்கள் போயின. கொலைகாரனை எதிர்த்து நின்றவர் தேவாலயத்துக்கு அருகில் வசித்த ஒரு குழாய்ப் பணியாளர். சேஃபைத் திறந்து ஏஆர்-15ஐ எடுத்து, ஒரு கை நிறையத் தோட்டாவை மேகசினில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு ஓடினார். ஏஆர்-15 வைத்திருக்கும் ஒரு குடிமகன் உயிர்களைக் காத்ததற்கு அமெரிக்காவில் எல்லோரும் காட்டும் உதாரணம் இது. அன்று அவருக்குக் கைகொடுத்தது பல வருடப் பயிற்சி. அவர் சுடுதல் பயிற்சியாளராக இருந்தவர். சேஃப் நம்பரும் தோட்டா இருக்கும் இடமும் தூக்கத்திலும் தெரிந்திருந்தது.

நீதிமன்றங்களிலும் இந்தக் கேள்வி வந்திருக்கிறது. 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினைக் கலிபோர்னியா தடை செய்ததை எதிர்த்து நடந்த வழக்கில், தற்காப்புக்குச் சுட்டவர்கள் சராசரியாக 2.2 தோட்டாதான் சுட்டிருக்கிறார்கள் என்று அரசுத் தரப்பு நிபுணர் ஒரு கணக்கைக் கொடுத்தார். செய்திகளிலிருந்து திரட்டிய கணக்கு அது. எதிர்த்தரப்பு அதைக் கடுமையாகக் கேள்வி கேட்டது, கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. சராசரிக்கு வெளியே நிற்பவனுக்குச் சராசரி எதற்கு உதவும்? ஆனாலும் 2025 மார்ச்சில் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 7-4 என்ற கணக்கில் தடை செல்லும் என்றது. அந்த நாலு பேரில் ஒருவர் தன் அறையிலேயே துப்பாக்கிகளைக் கையில் எடுத்துக் காட்டி வீடியோவாகவும் மறுப்புத் தீர்ப்பு சொன்னார். இதற்கு முன் எந்த நீதிபதியும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் 1992 லாஸ் ஏஞ்சலஸ் கலவரத்தைச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். இந்தப் பேச்சில் அது வராமல் இருக்காது. போலீஸ் வராத அந்த நாட்களில் கொரியக் கடைக்காரர்கள் கூரைமேல் துப்பாக்கியோடு நின்றது உண்மை. ஸ்பேர் மேகசினுக்கு ஆதரவான ஆகப் பலமான உதாரணம் அதுதான், அதை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அவர்கள் நின்றது சொந்தக் கடையின் மேல். அந்த நிலை உங்களுக்கு வந்தாலும், உங்கள் வீட்டு சேஃபில் பூட்டி வைத்த இரண்டு ஸ்பேர் போதும். தினமும் ஆபீஸுக்கும் காஸ்ட்கோவுக்கும் கூடவே சுற்ற வேண்டும் என்று அதிலிருந்து வராது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2011 ஜனவரியில் டூசான் நகரில் 33 தோட்டா மேகசினோடு வந்தவன் ஆறு பேரைக் கொன்றான். அடுத்த மேகசினை மாற்ற முயன்ற இடைவெளியில்தான் கூட்டத்தினர் அவனை அமுக்கிப் பிடித்தார்கள். மேகசினுக்கு வரம்பு வேண்டும் என்பவர்கள் சும்மா பயந்து பேசவில்லை.

உங்கள் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அது மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்துக் கட்டியது. அந்தச் சுவர் ரைபிள் தோட்டாவை நிறுத்தாது. அடுத்த அறையில் தூங்கும் பிள்ளை வரைக்கும் போகும். சுடும் ஒவ்வொரு தோட்டாவுக்கும் நீங்கள்தான் பொறுப்பு. எந்தத் திசையில் சுடக்கூடாது என்று இன்றே வீட்டைச் சுற்றி நடந்து பார்த்து வைத்துக்கொள்வது, மூன்றாவது மேகசின் வாங்குவதைவிட உபயோகமானது.

காரில் வைத்துக்கொண்டு சுற்றுவது

இதில்தான் பக்கத்து வீட்டுக்காரரோடு நான் முழுதாக வேறுபடுகிறேன். ஏழு மேகசின், 210 தோட்டா என்பது அமெரிக்கக் காலாட்படை வீரனின் வழக்கமான சுமை. அவர் உடம்பு அந்தக் கணக்கில் பழகியது. அவருக்குப் பின்னால் ஒரு படை இருந்தது, எதிரே எதிரி இருந்தான். உங்களுக்கு இரண்டும் இல்லை.

ரைபிள் இல்லாமல் மேகசின் மட்டும் காரில் இருந்தால் அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. எனவே ரைபிளும் காரில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் திருடுபோகும் துப்பாக்கிகளில் பெரும் பங்கு கார்களிலிருந்து போகிறது. ரைபிளோடு நிரப்பிய மேகசின் நாலையும் சேர்த்து எடுத்துப்போகிறவன் கையில் 120 தோட்டா இருக்கும்.

அடுத்தது பள்ளிக்கூடம். தினமும் காலையில் பிள்ளையை இறக்கிவிடுவது நீங்கள்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள், சொந்த வீடு போன்ற தனியார் இடம் தவிர மற்ற இடங்களில் துப்பாக்கி வைத்திருப்பது மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். தோட்டா ஏற்றாமல், பூட்டிய பெட்டிக்குள் இருந்தால் விலக்கு உண்டு. மாநில உரிமம் வைத்திருந்தாலும் விலக்கு உண்டு. 2021 செப்டம்பர் முதல் டெக்சாஸில் கைத்துப்பாக்கியை வெளியில் எடுத்துச்செல்லப் பெரும்பாலோருக்கு உரிமமே வேண்டாம் என்றாகிவிட்டதால் பலரும் உரிமம் எடுப்பதில்லை. எடுக்காதவருக்கு இந்த இரண்டாவது விலக்கு கிடையாது. நீங்கள் துப்பாக்கியோடு பயணம் செய்வதாக இருந்தால் எல்டிசி என்ற அந்த டெக்சாஸ் உரிமத்தை எடுத்துவிடுங்கள். நாலிலிருந்து ஆறு மணி நேர வகுப்பு, கிரீன் கார்டுக்காரரும் எடுக்கலாம். ரேஞ்சுக்குப் போகும் நாளில் மட்டும் ரைபிள் காரில் ஏறட்டும்: தோட்டா ஏற்றாமல், பூட்டி, டிக்கியில்.

வீட்டில் பிள்ளைகள் இருப்பதால் இன்னொன்று. 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை தோட்டா ஏற்றிய துப்பாக்கியை எடுக்கும்படி அஜாக்கிரதையாக வைத்திருப்பது டெக்சாஸில் குற்றம். அதனால் யாருக்காவது உயிர் போனாலோ படுகாயமானாலோ தண்டனை கூடும். மேகசின் கழற்றியிருந்தால் அது 'ஏற்றிய' துப்பாக்கி இல்லைதான். ஆனால் நிரப்பிய மேகசினைச் செருக உங்கள் 11 வயதுப் பிள்ளைக்கு இரண்டு விநாடி போதும். ரைபிளும் மேகசினும் தனித்தனிப் பூட்டில் இருக்கட்டும்.

மச்சினனும் ரேஞ்சும்

உங்களுக்கு இருக்கும் உரிமை அவருக்கு இல்லை. எஃப்-1, எச்-1பி, எச்-4 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதை 18 யு.எஸ்.சி. 922(ஜி)(5) என்ற மத்தியச் சட்டப் பிரிவு தடை செய்கிறது. 2022 முதல் இதற்கு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு. 'வைத்திருப்பது' என்றால் சொந்தமாக வாங்குவது மட்டும் இல்லை. ரேஞ்சில் உங்கள் ரைபிளைக் கையில் வாங்கிச் சுடுவதும் அதில் வரும். நிரப்பிய மேகசினைத் தூக்கி வந்து கொடுத்தால் அதில் தோட்டா இருக்கிறது. மத்தியச் சட்டத்தில் வெறும் தோட்டாக் கூடுகூட 'அம்யூனிஷன்' என்ற விளக்கத்துக்குள் வருகிறது. காலி மேகசின் மட்டும் இந்தப் பிரிவுக்குள் வராது.

"ரேஞ்சில் யாரும் கேட்கவில்லையே" என்பீர்கள். ரெஹைஃப் வழக்கைச் சொல்கிறேன். ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து ஃபுளோரிடாவுக்கு மாணவர் விசாவில் படிக்க வந்தவர். மதிப்பெண் குறைந்து கல்லூரி நீக்கிவிட்டது, ஊர் திரும்பவில்லை. ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார், தோட்டா வாங்கினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தன் குடியேற்ற நிலை அவருக்கே தெரிந்திருந்தது என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019இல் தீர்ப்பு வந்தது. சட்ட வரலாற்றில் அது பெரிய வெற்றி. ஆனால் எஃப்-1 விசாவை ஸ்டாம்ப் அடித்து வாங்கிய உங்கள் மச்சினனால் 'என் நிலை எனக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாது.

ஒரு விலக்கு இருக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் இந்தத் தடை பொருந்தாது. நண்பர்கள் வட்டத்தில் இதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், உண்மைதான். ஆனால் டெக்சாஸின் ஆண்டு உரிமம் ஒவ்வொரு ஆகஸ்ட் 31ஆம் தேதியும் காலாவதியாகிவிடும். எந்த மாதம் வாங்கினாலும் அதே தேதிதான். செப்டம்பரில் புதுப்பிக்க மறந்துவிட்டு ரேஞ்சுக்குப் போனால் அன்று விலக்கு இல்லை. அவருக்கு ஆர்வம் இருந்தால் உரிமம் எடுத்து, நகலைப் பர்சில் வைத்துக்கொண்டு வரட்டும். அதுவரை அவர் காரிலிருந்தே இறங்க வேண்டாம் என்பேன். சேஃப் நம்பரும் அவருக்குத் தெரியக்கூடாது. பூட்டைத் திறக்க முடிந்தவருக்கு உள்ளே இருப்பதன் மேல் கட்டுப்பாடு இருக்கிறது என்று அரசுத் தரப்பு வாதாட முடியும். ஏற்கனவே தெரியும் என்றால் இன்று இரவே மாற்றுங்கள்.

எடிசன் பயணம்

நியூ ஜெர்சியில் 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின் வைத்திருப்பது 2018 சட்டத்தின்படி நான்காம் நிலைக் குற்றம். 18 மாதம் வரை சிறை. மேகசின் காலியாக இருந்தாலும் குற்றம்தான். உங்கள் ரைபிளுக்கும் அங்கே தனியாகக் கட்டுப்பாடு இருக்கிறது. இந்தச் சட்டங்களை எதிர்த்து வழக்குகள் உண்டு. ஒருநாள் நிலைமை மாறலாம். அந்த வழக்குகளை நம்பி அங்கே போகாதீர்கள்.

'பூட்டி எடுத்துப்போனால் எந்த மாநிலத்தையும் கடக்கலாம்' என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. 926ஏ என்ற மத்தியப் பிரிவு அப்படி ஒரு பாதுகாப்பு தருகிறது, ஆனால் கிளம்பும் இடத்திலும் சேரும் இடத்திலும் அந்தத் துப்பாக்கியை வைத்திருக்க உங்களுக்கு உரிமை இருந்தால்தான். உங்கள் சேருமிடமே எடிசன் என்பதால் அந்தப் பிரிவு உங்களுக்கு உதவாது. கடந்து போகிறவர்களுக்கே அது சில சமயம் உதவுவதில்லை. யூட்டாவிலிருந்து பென்சில்வேனியா போன ஒரு பயணி நியூ ஜெர்சியின் நெவார்க் விமான நிலையத்தில் அடுத்த இணைப்பைத் தவறவிட்டு, பெட்டியோடு ஓட்டலில் இரவு தங்கினார். மறுநாள் காலை விமான நிலையத்தில் முறைப்படி 'என்னிடம் துப்பாக்கி இருக்கிறது' என்று சொன்னவரைக் கைது செய்து சிறையில் வைத்தார்கள். குற்றச்சாட்டு பிறகு கைவிடப்பட்டது. அவர் நஷ்டஈடு கேட்ட வழக்கில் 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பெட்டி அவர் கைக்கு வந்துவிட்டதால் 926ஏ பாதுகாப்பு இல்லை என்றது.

அவர் அமெரிக்கக் குடிமகனா இல்லையா என்ற கேள்வி அந்த வழக்கில் வரவேயில்லை. உங்கள் வழக்கில் அதுதான் முதலில் வரும். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெறும் குடிமகன் அல்லாதவரை நாடுகடத்த குடியேற்றச் சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. கிரீன் கார்டுக்காரருக்கும் அது பொருந்தும். 'பாகம், துணைக்கருவி' என்ற சொற்கள்கூட அந்தப் பிரிவில் இருக்கின்றன. வெறும் மேகசின் அதற்குள் வராது என்று வாதாட இடம் உண்டு, நானே வாதாடுவேன். ஆனால் பத்து வருடம் காத்திருந்து வாங்கிய கார்டை வைத்து அந்த வாதத்தை நீங்கள் சோதித்துப் பார்க்க வேண்டாம். வழக்கே தள்ளுபடியானாலும், நாளை குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது 'எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா' என்ற கேள்விக்கு ஆம் என்று எழுதி, காகிதங்களை இணைக்க வேண்டியிருக்கும்.

ரைபிள் டல்லாஸிலேயே இருக்கட்டும், மேகசினும்தான். கிளம்புவதற்கு முந்தின நாள் கார் டிக்கி, சீட்டுக்கு அடி, கதவுப் பை எல்லாவற்றையும் துழாவிப் பாருங்கள்.

சென்னை

உங்கள் ரேஞ்ச் பை சாதாரண முதுகுப் பைதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதையே விமானத்துக்கும் எடுத்துப்போகும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். தோட்டா சின்னது; பக்கவாட்டு ஜிப்புக்குள், தையல் மடிப்புக்குள் ஒன்று உருண்டு கிடந்தால் கைக்குத் தட்டுப்படாது, ஸ்கேனருக்குத் தெரிந்துவிடும். அமெரிக்காவில் மேகசினைக் கையில் கொண்டுபோகும் பையில் வைக்கக்கூடாது, காலியாக இருந்தாலும் சரி. இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டத்தின் விளக்கத்தில் ஆயுதத்தின் பாகங்களும் ஆயுதமே. உரிமம் இல்லாமல் ஒற்றைத் தோட்டா இருந்தாலும் 25ஆம் பிரிவில் எஃப்.ஐ.ஆர். போடுவார்கள்.

தெரியாமல் பையில் கிடந்த தோட்டாவுக்காகப் போட்ட வழக்குகள் பலவற்றை டில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. உணர்ந்து வைத்திருந்தால்தான் குற்றம் என்பது உச்ச நீதிமன்றம் வகுத்த நிலைப்பாடு. ஆனால் அந்த ரத்து உத்தரவு கையில் வருவதற்குள் திரும்பும் விமானம் போய்விடும், லீவு முடிந்துவிடும், இங்கே ஆபீஸில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ரேஞ்சுக்கென்று பளிச்சென்ற நிறத்தில் தனிப் பை ஒன்று வாங்கி, சேஃபுக்குப் பக்கத்திலேயே மாட்டி வையுங்கள். பழைய முதுகுப் பையைத் தலைகீழாக உதறி, எல்லா ஜிப்பையும் திறந்து பார்த்துவிட்டு, அதை விமான நிலையத்துக்கு எடுத்துப்போகாமல் வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.